பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் பக்கத்தில், இரவில் மலைப்பாதையில் இறங்கும் பழைய லாரிகளின் விளக்குகளைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். ஒற்றைக் கண்ணோடு வரும் லாரி, பிரேக் போட்டாலும் பின்னால் சிவப்பே தெரியாத லாரி என்று அவர் வருத்தப்பட்டதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. நானும் அன்றாடம் பார்க்கிறேன். ஆனால் கடைசியில், நாற்பது ஐம்பது வருடத்து வண்டிக்குப் பழைய வயரிங்கை மொத்தமாக உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுப்பதுதான் ஒரே தீர்வு என்று முடித்திருந்தார். அது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் கோத்தகிரியில் 38 வருடம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்தவன். இப்போது கடையை மகன் பார்க்கிறான். புதிய வண்டிகளைக் கம்ப்யூட்டர் மாட்டி அவனே பார்த்துவிடுவான். பழைய வண்டி வந்தால் மட்டும், "அப்பா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று போன் செய்வான்.

அப்படித்தான் சென்ற ஐப்பசியில் ஒரு லாரி வந்தது. கட்டபெட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பியுடையது. அவருடைய அப்பா 1967-ல் வாங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ். 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் லாரி செய்ய ஆரம்பித்தது. 1969-ல் அந்தக் கூட்டு முடிந்தது. அந்த இடைக்காலத்து வண்டி என்பதால் மூக்கில் மூன்று முனை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிய லாரி. இப்போது தோட்டத்துக்கு எரு ஏற்றவும், ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பாத்திரம் பண்டம் கொண்டுபோகவும்தான் எடுக்கிறார். அப்பா ஞாபகமாக வைத்திருக்கிறார். அதை விற்கச் சொல்பவர்களோடு பேசுவதைக்கூட நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

வண்டியின் கோளாறு இதுதான். லைட் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது பிரேக்கை மிதித்தால் பின்னால் வலது பக்கம் சிவப்பு வருவதில்லை. ஆனால் டிரைவர் எதிரே மீட்டர் விளக்கு மினுக்கென்று எரிகிறது. வலது இண்டிகேட்டர் போட்டால் முன்னால் இருக்கும் பார்க் லைட் இரண்டும் அதோடு சேர்ந்து துடிக்கின்றன. கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் விட்டிருக்கிறார்கள். அவர்கள் இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கும் ஃபிளாஷரை மாற்றினார்கள், பிரேக் சுவிட்ச் மாற்றினார்கள், கடைசியில் பின்பக்கத்துப் பழைய வயர்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் இழுத்தார்கள். பதினோராயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மலை ஏறி வந்து பிரேக்கை மிதித்தால் அதே மீட்டர் விளக்கு அதே மாதிரி மினுக்குகிறது.

"ஏனுங்கண்ணா, வண்டிக்கு வயசாயிருச்சுங்களா?" என்று அந்தத் தம்பி கேட்டார். வயசு ஒன்றும் இல்லை, பின்னால் எர்த் இல்லை என்றேன். இன்னும் வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை. அடையாளமே போதும்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், டிரைவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளட்டும். பின்விளக்குக் கிண்ணத்தில் பிரேக்குக்கும் டெயிலுக்கும் சேர்த்து ஒரே பல்புதான். உள்ளே இரண்டு இழை இருக்கும். 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை டெயிலுக்கு. இண்டிகேட்டர் பல்பு தனி. எல்லாவற்றுக்கும் கரண்ட் திரும்பிப் போகிற வழி ஒன்றேதான், அந்தக் கிண்ணத்தைச் சேசிஸோடும் (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்) அதன் வழியாகப் பேட்டரி நெகட்டிவோடும் சேர்க்கிற எர்த். அது அறுந்துபோனால் கரண்ட் சும்மா நிற்காது. பிரேக் இழை வழியாகக் கிண்ணத்துக்கு வந்தது, வேறு வழியில்லாமல் 5 வாட் டெயில் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, டெயில் வயரைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், பார்க் லைட்டிலும் மீட்டர் விளக்கிலும் எர்த் தேடிக்கொள்ளும். இத்தனை இழைகளைத் தாண்டிப் போவதால் எதுவும் முழுசாக எரியாது, எல்லாம் மினுக்கும். ஒன்றைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று எரிகிறதா, அங்கே எர்த் போயிருக்கிறது. என் மேஸ்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. "கண்ணு, கரண்ட்டு போற வழிய எல்லாரும் பாப்பாங்க. திரும்பி வர்ற வழிய நீ பாரு" என்பார்.

இந்த மாதிரி லாரிகளில் இது ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து லாரி கம்பெனியிலிருந்து சேசிஸும் முன்மூக்குமாகத்தான் வரும். கேபினும் லோடு பாடியும் நம்மூர் பாடி கட்டுகிறவர்கள் மரச்சட்டம் போட்டுத் தகரம் அடித்துச் செய்தவை. பின்விளக்கை மரக்கட்டையில் ஸ்குரூ போட்டு மாட்டியிருப்பார்கள். மரத்துக்கு ஏது எர்த்? ஒரு தனி வயர் அங்கிருந்து சேசிஸுக்கு வந்து ஒரு போல்ட்டில் முடிய வேண்டும். அந்த ஒரு போல்ட்டில்தான் அந்தப் பக்கத்துப் பின்விளக்கு முழுவதும் தொங்குகிறது.

நான் செய்தது இவ்வளவுதான். ஏழு மீட்டர் வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் பிடித்து, மறுமுனையைப் பின்விளக்குக் கிண்ணத்தில் தொட்டேன். மகனைப் பிரேக் மிதிக்கச் சொன்னேன். பளிச்சென்று சிவப்பு. வயரை எடுத்தால் போய்விடுகிறது. தொட்டால் வருகிறது. பல்பு, சுவிட்ச், புது வயர் எல்லாம் சரி, குற்றம் எர்த்தில்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு அந்த எர்த் வயர் எங்கே முடிகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். சேசிஸின் பின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் ஒரு போல்ட். சேசிஸ் முழுக்கப் புத்தம்புதுக் கறுப்பு பெயின்ட். ஆயுத பூஜைக்கு அடித்தது. போல்ட்டைக் கழற்றிப் பெயின்ட் அடித்து, காய்ந்தபின் அதன் மேலேயே எர்த் வயரின் லக்கை, அதாவது முனை வளையத்தை, வைத்து இறுக்கியிருக்கிறார்கள். லக்கைக் கழற்றினேன். ஒரு பக்கம் பச்சைக் களிம்பு, மறுபக்கம் கண்ணாடி மாதிரிப் பெயின்ட். வண்டியை அழகு செய்தார்கள், அந்த அழகே வழியை அடைத்துவிட்டது. உப்புத்தாளை மடித்து லக்கின் இரண்டு பக்கத்தையும் தேய்த்தேன். செம்பு புதுக்காசு நிறத்துக்கு வந்தது. சேசிஸில் போல்ட் உட்காருகிற இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பைக் காட்டினேன். பல் வாஷர் போட்டு இறுக்கி, அதற்குமேல் வாசலின் தடவினேன். வாசலினை இறுக்கிய பின் தடவ வேண்டும், முன்னால் அல்ல. வண்டிக்குப் பின்னால் நின்ற அந்தத் தம்பியின் பையன், "எரியுதுங்க தாத்தா, ரெண்டும் எரியுது!" என்று கத்தினான். அரை மணி நேர வேலை. செலவு ஒரு வாஷர்.

வெட்டி எறிந்த பழைய வயர்களை நினைத்தால்தான் மனது ஆறவில்லை. வண்டி ஜெர்மன் மரபு என்பதால் அதில் எர்த் வயர் பழுப்பு. சுவிட்சிலும் பியூஸ் பெட்டியிலும் எண்கள் பொறித்திருக்கும். 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, 31 எர்த், 56a பிரைட், 56b டிம், 58 பார்க் லைட். அறுபது வருடப் புகையிலும் தூசியிலும் வயர்கள் எல்லாம் ஒரே நிறமாகிவிடும், ஆனால் அந்த எண்கள் அழியாது. ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தால் படிக்கலாம். இணைப்பு வரைபடம் வண்டியிலேயே எழுதியிருக்கும்போது அதைப் படிக்காமல் கட்டிங் பிளேயரைக் கையில் எடுப்பது எந்த விதத்தில் நியாயம்? இப்போது பின்பக்கம் முழுவதும் ஒரே சிவப்பு வயர். அடுத்து வருகிற எலக்ட்ரீஷியன் என்ன செய்வான்?

பின்விளக்கு சரியானதும் அந்தத் தம்பி ஹெட்லைட்டையும் பார்க்கச் சொன்னார். மஞ்சு இறங்கினால் பத்தடிகூடத் தெரியவில்லை, எல்.இ.டி. பார் போடலாமா என்று கேட்டார். முதலில் இருப்பது ஏன் எரியவில்லை என்று பார்ப்போம் என்றேன். இன்ஜின் ஆஃபில், லைட் எரியும்போது பேட்டரியில் 12.5 வோல்ட். பிரைட் பல்பின் பின்னால் 10.4. அதாவது 2.1 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. இதை டிரைவர்கள் "ரெண்டு வோல்ட்தானே" என்பார்கள். பல்பு அப்படிக் கணக்குப் போடாது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 12.5 இருக்க வேண்டிய இடத்தில் 10.4 என்றால் பாதி வெளிச்சம்தான் மிச்சம்.

மகன் வோல்ட் மீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பிடித்தான். பியூஸில் 0.5 வோல்ட் இழப்பு. அந்தப் பீங்கான் பியூஸ்கள் இரண்டு பித்தளை நாக்குகளுக்கு நடுவே ஸ்பிரிங் பிடியில் உட்காருபவை. வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16. நாக்கு தளர்ந்து கறுத்துப் போயிருந்தது. லைட் சுவிட்சில் 0.3. ஹெட்லைட் எர்த்தில் 0.5. மீதி 0.8 முழுவதும் டிம் சுவிட்சில். இந்த வண்டிகளில் டிம் சுவிட்ச் தரையில், கிளட்சுக்கு இடது பக்கம், காலால் அமுக்குகிற குமிழ். மழைக்கால டிரைவரின் செருப்பு என்ன கொண்டுவருமோ அதெல்லாம் அதற்குள்தான் போகும். கழற்றி மேசையில் வைத்தபோது உள்ளிருந்து செம்மண் தண்ணீர் சொட்டியது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வருகிறது, டிம் அடிக்கிறோம், பிரைட் அணைந்து டிம் வராமல் இரண்டு நொடி இருட்டு. அந்த இரண்டு நொடியை மலை டிரைவர்கள் எல்லாரும் அறிவார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் செம்மண்தான்.

எல்லாவற்றையும் கழுவித் தேய்த்து மாட்டினோம். அதோடு ஒரு காரியம் புதிதாகவும் செய்தேன், பழைய வண்டியில் நான் மனமார ஒப்புக்கொள்கிற ஒரே மாற்றம் அது. ரேடியேட்டர் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்துத் தடித்த வயர் ரிலேயின் 30 எண் முனைக்கு, அங்கிருந்து 87 வழியாக ஹெட்லைட்டுக்கு. டிம் சுவிட்சிலிருந்து வரும் பழைய வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. இனி அந்தப் பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், கால் ஆம்பியர்கூடச் சுமக்க வேண்டாம். பல்பில் 12.1 வந்தது. அதே 45/40 வாட் பல்புதான். எல்.இ.டி. பாரைப் பற்றி அந்தத் தம்பி பிறகு பேசவில்லை.

பெரிய பல்பு போடாதே என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1993, ஆனி மாதம். முட்டைக்கோஸ் லோடு ஓட்டுகிற டிரைவர் ஒருவர் வெளிச்சம் போதவில்லை என்றார். நான் வயரைப் பார்க்கவில்லை, எர்த்தைப் பார்க்கவில்லை. 100/90 வாட் பல்பு இரண்டு போட்டுக் கொடுத்தேன். கடைக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தபோது சுவர் வெள்ளையாக எரிந்தது, அவருக்கு ஒரே சந்தோஷம். 45 வாட் பல்பு இரண்டுக்கு ஏழரை ஆம்பியர் போதும். 100 வாட் இரண்டுக்கு பதினாறரைக்கு மேல். அந்தச் சுவிட்ச் அதற்குச் செய்ததல்ல. நான்காம் நாள் ராத்திரி மேட்டுப்பாளையம் இறங்கும்போது சுவிட்ச் உருகி இரண்டு லைட்டும் ஒன்றாகப் போய்விட்டன. மழை, மஞ்சு, முழு லோடு. மலைப் பக்கமாக அணைத்து நிறுத்தியிருக்கிறார். பலாப்பழக் காலம், குஞ்சப்பனைப் பக்கம் யானை இறங்கும் நேரம், அங்கே நிற்கவும் முடியாது. கிளீனர் பையன் இரண்டு பேட்டரி டார்ச்சோடு முன்னால் நடக்க, இவர் பின்னால் முதல் கியரில் இறங்கியிருக்கிறார். மறுநாள் கடைக்கு வந்து உருகிய சுவிட்சை என் மேசைமேல் வைத்தார். "அண்ணா, ஏழு வளைவு டார்ச்லயே இறங்குனோமுங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அந்தச் சுவிட்சை இன்றும் வைத்திருக்கிறேன். கடைக்கு வேலை கற்க வரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

பியூஸ் விஷயமும் அதே மாதிரிதான். பியூஸ் போகிறது என்றால் பெரும்பாலும் எங்கோ வயர் பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். அதற்குச் சிகரெட் தாளும் செம்புக் கம்பியும் சுற்றி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரக் கேபின், டீசல் படிந்த தரை, தயவுசெய்து நினைத்துப் பாருங்கள். நான் பியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை மாட்டுவேன். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழுசாக எரியும், வயருக்கு ஆபத்தில்லை. பிறகு வயர்க்கட்டைப் பின்னாலிருந்து ஒவ்வொரு அடியாக அசைத்துக்கொண்டே வர வேண்டும், நம்பர் பிளேட் விளக்கு, கிராஸ் மெம்பர் ஓட்டை, பேட்டரிப் பெட்டி ஓரம் என்று. எந்த இடத்தில் கை வைக்கும்போது பல்பு மங்குகிறதோ அங்கேதான் காயம். எத்தனையோ ராத்திரி அந்த ஒரு பல்புதான் எனக்கு வழி காட்டியிருக்கிறது.

வயரில் கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்ட் லாம்ப்புக்கும் அதே 21 வாட் பல்பைத்தான் சொல்வேன். இப்போது பையன்கள் மீட்டரை மட்டும் நம்புகிறார்கள். வயரில் பத்தொன்பது நரம்பு அறுந்து ஒரே ஒரு நரம்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும், லோடு இல்லாமல் தொட்டால் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கரண்ட் கேட்பதில்லை. பல்பு கேட்கும். கிடைக்காவிட்டால் உடனே சொல்லிவிடும். மீட்டரில் பார்ப்பதானால் லைட்டை எரியவிட்டுப் பார்க்க வேண்டும், நாங்கள் பார்த்த மாதிரி.

பழைய பெட்ஃபோர்ட், லேலண்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை இங்கிலீஷ் மரபு, எர்த் வயர் கறுப்பு. சில பழைய இங்கிலாந்து வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். பார்க்காமல் எல்.இ.டி., ஆடியோ மாட்டினால் மாட்டிய நிமிடமே கெட்டுப்போகலாம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டைனமோ வைத்த பழைய வண்டிகளில் இன்னொன்று: வண்டி நின்று இன்ஜின் ஐடிலில் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் ஏற்றாது. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாரில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது ஹெட்லைட் மங்குகிறதென்றால் உடனே டைனமோவைக் கழற்றாதீர்கள். பார்க் லைட்டுக்கு மாறிக்கொண்டால் பேட்டரி தாங்கும். இன்ஜின் வேகம் எடுத்தபிறகும் சார்ஜ் விளக்கு அணையாவிட்டால்தான் பெல்ட்டையும் டைனமோவுக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்ஷையும் பார்க்க வேண்டும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் அடிவாரம். மேலே குளிர்ந்த லாம்ப்பு கீழே இறங்கியதும் உள்ளே வேர்க்கும். மேலே ஏறினால் மறுபடி குளிரும். சமவெளி வண்டிக்கு ஐந்து வருடத்தில் வரும் களிம்பு நம் வண்டிக்கு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதனால் டிரைவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மலை இறங்கும் முன், லைட்டை ஆஃப் செய்துவிட்டுப் பிரேக்கை மிதித்து மீட்டரைப் பாருங்கள். அங்கே வெளிச்சம் மினுக்கினால் இறங்காதீர்கள். கிளீனரைப் பின்னால் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

வண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். எர்த் போல்ட்டுகளின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். ஐ.டி.ஐ.-யில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், டைனமோ வண்டி ஒன்றின் வயரிங்கை மாணவர்கள் கையால் தொட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தால் நான் கூலி வாங்காமல் வந்து சொல்லித்தருவேன். கூடவே மகன் வருவான், சின்ன ஸ்குரூவை அவன் பார்த்துக்கொள்வான்.

டெஸ்ட் லாம்ப் வேண்டும் என்கிற டிரைவர்கள் ஒரு 21 வாட் பல்பும் ஒரு ஹோல்டரும் கொண்டுவந்தால் போதும். இரண்டு மீட்டர் வயரும் கிளிப்பும் நான் போட்டுச் செய்து கொடுக்கிறேன். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கடையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
கோத்தகிரி.